ஹால்ல வெச்ச ஊதாச்செடி பச்சையாகுது. நர்சரியில சாயமா ஊத்துறாங்க?

கே.கே.நகர் வாசகி | 11.02.2023, இரவு 9.40

தீபாவளிக்கு முன்னாடி ஒரு நர்சரியில தொங்குதொட்டிச் செடி வாங்கினேன். இலை, தண்டு எல்லாமே அடர் கத்தரிப்பூக் கலர். ஹால்ல டிவிக்குப் பக்கத்துல மாட்டினேன். இப்ப புதுசா வர்ற இலையெல்லாம் பச்சை, அடிப்பக்கம் மட்டும் லேசா ஊதா. தண்டும் மெலிஞ்சு நீண்டுக்கிட்டே போகுது. வெள்ளைச் சாமந்திக்கு நீலச் சாயம் ஏத்தி விக்கிறாங்கல்ல, அது மாதிரி இதுக்கும் வேர்ல எதையோ ஊத்தி வித்துட்டாங்கன்னு எங்க நாத்தனார் அடிச்சுச் சொல்றாங்க. நிஜமா?

திருநகர் தோட்டம் | 11.02.2023, இரவு 10.25

சாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயில் பத்தலை. தொட்டியைத் தூக்கி மாடிக்குக் கொண்டு போங்க.

திருநகர் தோட்டம் | 12.02.2023, காலை 7.10

தூங்கி எழுந்ததும் இன்னும் கொஞ்சம் எழுதணும்னு தோணுச்சு.

நீங்க சொல்ற செடி பர்ப்பிள் ஹார்ட்டாத்தான் இருக்கணும். டிரடஸ்காண்டியா பாலிடா. மெக்சிகோவோட கிழக்குப் பக்கம், வளைகுடா கரையோரத்துச் செடி. 1911-ல ரோஸ்னு ஒரு தாவரவியலாளர் இதுக்கு செட்கிரேசியான்னு பேர் வெச்சார். 1970-கள்ல ஹன்ட்னு இன்னொருத்தர் டிரடஸ்காண்டியா பேரினத்துக்குள்ள கொண்டுவந்து சேர்த்தார். நம்ம ஊர் நர்சரிக்காரங்க இன்னமும் 'செட்கிரேசியா இருக்கு, எடுத்துக்கங்க'ன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டு பேரைச் சொல்லி ரெண்டு விலை கேட்டா விட்டுறாதீங்க.

அந்த ஊதா செடியே தயாரிக்கிறது. ஆந்தோசயனின்னு ஒரு நிறமி. இலைக்குள்ள பச்சையமும் இருக்கு, இது மேல்தோல்ல நின்னு அதை மறைச்சிருது. வெயில் உறைக்க உறைக்க நிறமி கூடும். நிழல்ல அதுக்கு வேலையில்ல, செடி அதைச் செய்யுறதைக் குறைச்சுக்கும். அப்ப அடியில இருக்கிற பச்சை வெளிய தெரியும். தண்டு நீளுறதும் அதே காரணந்தான், வெளிச்சத்தைத் தேடிப் போகுது.

மாடின்னா எடுத்த எடுப்புல நடு மாடியில வெச்சிறாதீங்க. ஹால்ல வளர்ந்த இலை சொகுசு இலை, பொசுங்கிரும். முதல்ல காலை வெயில் மட்டும் விழுற இடம், அப்புறம் பைய நகர்த்துங்க. நிழல்ல வந்த பச்சை இலை முழுசா ஊதா ஆகும்னு எதிர்பார்க்க வேண்டாம். அந்த நீட்டுத் தண்டை எல்லாம் கணுவுக்கு மேல ஒட்ட வெட்டிருங்க. புதுசா வர்ற துளிர் கலரோட வரும். வெட்டினதைத் தூக்கிப் போடாம அதே தொட்டியில சொருகுங்க, தொட்டி நெறஞ்சிரும்.

நத்தம்ரோடு | 12.02.2023, மாலை 4.15

அண்ணே, ஊதா இலைன்னா அது முறிகூட்டிதானே? எங்க சம்பந்தி வீடு பாலக்காடு. வெட்டுக்காயம் பட்டா இதைத்தான் கசக்கி வெப்பாங்க. ஹால் என்ன, கொல்லைப்புறத்துல வெயிலே படாத இடத்துல கூட நல்லாத்தான் இருக்கு. வெயில் வேணும்னு எதுக்கு எழுதுறீங்க?

திருநகர் தோட்டம் | 12.02.2023, இரவு 8.50

அது வேற, இது வேற தம்பி. ஊதாவா இருக்குங்கிறதைத் தவிர ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

முறிகூட்டி ஹெமிகிராஃபிஸ். கனகாம்பரம் இருக்குற குடும்பம். இலை சின்னது, ஓரம் வெட்டு வெட்டா இருக்கும், மேல ஒரு ஈய மினுமினுப்பு, திருப்பினா நல்ல ஊதா. பூ சின்ன வெள்ளை. கேரளாவுல வீட்டுக்கு வீடு இருக்கு. அரைநிழல், ஈரம் ரெண்டும் அதுக்குப் பிடிக்கும். நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல அதை விட்டா மதியத்துக்குள்ள துவண்டு படுத்துரும்.

பர்ப்பிள் ஹார்ட் இலை நீளம், விரல் நீளத்துக்கு மேல வரும், ஓரம் வழவழன்னு இருக்கும், தண்டைக் கவ்விப் பிடிச்சிருக்கும். தண்டு தடிச்சு சாறா இருக்கும், வளைச்சா 'டக்'குனு ஒடியும். பூ இளஞ்சிவப்பு, மூணே இதழ். காலையில விரியும், வெயில் ஏறினதும் மூடிக்கும், அந்தப் பூவுக்கு அன்னைக்கோட சரி. மறுநாள் பக்கத்து மொட்டு.

மூணாவது ஒண்ணு இருக்கு, ஜெப்ரினா. இலையில வெள்ளிக்கோடு ரெண்டு ஓடும், அடிப்பக்கம் ஊதா. இதுவும் டிரடஸ்காண்டியாதான். வீட்டுக்குள்ள ஜன்னல் ஓரத்துக்கு இதைத்தான் நான் சொல்லுவேன், வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்கிக்கும்.

நாலாவது, பார்க்குல நடைபாதை ஓரமா வரிசையா நட்டு வெப்பாங்களே, வாள் மாதிரி இலை, மேல பச்சை அடியில ஊதா. அது ரியோ. படராது, நின்ன இடத்துல நிக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ சயின்ஸ் குரூப் படிச்சவங்களுக்கு இதை மறந்திருக்காது.

கே.கே.நகர் வாசகி | 13.02.2023, காலை 11.00

எங்களுது மூணு இதழ்ப் பூ பூத்துச்சு, அப்ப பர்ப்பிள் ஹார்ட்தான். ஆனா நாத்தனார் இன்னும் ஒத்துக்கலை. 'எழுதுறவரு நர்சரிக்காரரா இருப்பாரு'ங்கிறாங்க.

திருநகர் தோட்டம் | 13.02.2023, மதியம் 1.30

நர்சரிக்காரனா இருந்தா உங்களை வெட்டிச் சொருகச் சொல்லுவேனா, புதுசு வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன்?

அரசுப் பள்ளி லேப்ல உதவியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். நாத்தனாருக்கு ஒரு செய்முறை சொல்றேன், அவங்களையே செய்யச் சொல்லுங்க. நல்ல ஊதா இலையா நாலஞ்சு பறிச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு அடுப்பைக் குறைச்சு வைங்க. கொஞ்ச நேரத்துல ஊதா தண்ணியில இறங்கிரும், இலை பச்சையா நிக்கும். அந்தத் தண்ணியை ஆறவெச்சு ரெண்டு டம்ளர்ல ஊத்தி ஒண்ணுல எலுமிச்சை பிழியுங்க, சிவந்து வரும். இன்னொண்ணுல ஆப்பசோடா ஒரு சிட்டிகை, நீலமா பச்சையான்னு ஒரு மாதிரி திரும்பும். சங்குப்பூ டீயில எலுமிச்சை பிழிஞ்சா கலர் மாறுதே, அதே சங்கதி. பாத்திரம் பழசா எடுத்துக்கங்க. தண்ணியைக் குடிச்சுப் பாக்க வேண்டாம்.

ரியோன்னு சொன்னேன்ல, லேப்ல அந்த இலையோட அடித்தோலை உரிச்சு கண்ணாடிச் சில்லுல வெச்சு, உப்புக்கரைசல் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொல்லுவாங்க. பிளாஸ்மாலிசிஸ். செல்லுக்குள்ள ஊதா இருக்கிறதால உள்ள இருக்கிறது சுவரை விட்டு விலகிச் சுருங்குறது கண்ணுக்கு அப்படியே தெரியும். வேற இலையில செஞ்சா பசங்க 'சார் ஒண்ணும் தெரியல'ம்பாங்க. பிராக்டிகல் பரீட்சை வந்துட்டா பள்ளிக்கூடத்து ரியோ பூராவும் மொட்டை. தோலை உரிக்கத் தெரியாம ஆளுக்கு பத்து இலையைக் கிழிப்பானுங்க. நான் மறைவா ஒரு தொட்டி வெச்சிருப்பேன், எக்ஸ்டர்னல் வர்ற அன்னைக்குத்தான் வெளிய எடுப்பேன்.

கே.கே.நகர் வாசகி | 19.02.2023, மாலை 6.20

செஞ்சாச்சு. இலை பச்சை, எலுமிச்சை டம்ளர் ரோஸ் கலர். நாத்தனார் வாயே திறக்கலை. எங்க வீட்டுக்காரர் வந்து 'பீட்ரூட் ரசமா'ன்னு கரண்டியை விடப் போயிட்டார்.

தொட்டி இப்ப பால்கனியில, காலை வெயில்ல.

திருநகர் தோட்டம் | 05.03.2023, காலை 6.40

'தரையில விட்டா எப்படி இருக்கும், புல்லுக்குப் பதிலா போடலாமா'ன்னு மூணு பேர் தனியா கேட்டிருந்தீங்க. மொத்தமா இங்கயே எழுதிடுறேன்.

எங்க வீடு மேற்குப் பார்த்த காம்பவுண்டு. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவுல மூணடி அகலத்துல ஒரு துண்டு மண். மதியத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் நேரா அடிக்கும், சுவர் வேற சூட்டைத் திருப்பி விடும். போர் தண்ணி உப்பு. வாளியில ரெண்டு நாள் வெச்சா ஓரத்துல வெள்ளை படியுற தண்ணி. அதுல கொரியன் புல் போட்டுப் பார்த்தோம். பாய் பாயா வாங்கி விரிச்சு, காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினதுதான் மிச்சம். பங்குனியிலயே திட்டுத் திட்டா மஞ்சள், வைகாசியில கட்டாந்தரை. பக்கத்து வீடுகள்ல எல்லாம் பேவர் பிளாக் போட்டுட்டாங்க, நாங்களும் போட்டுருவோம்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க.

அந்தச் சமயம் உசிலம்பட்டியில எங்க மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க கிணத்து மேட்டுல இந்தச் செடி கெடையாக் கெடக்குது. மதினி ஒரு கை ஒடிச்சு பழைய சிமெண்டுச் சாக்குல சுத்திக் குடுத்தாங்க. வண்டி டிக்கியில வெச்சவன் மறந்தே போயிட்டேன். ஒரு வாரத்துக்கு மேல இருக்கும், பஞ்சர் ஒட்டப் போன இடத்துல டிக்கியைத் திறந்தா ஒவ்வொரு கணுவுலயும் வெள்ளையா வேர் மொளைச்சு நிக்குது. தண்ணி இல்ல, மண் இல்ல, டிக்கிக்குள்ள இருட்டு. இது நம்ம ஊருக்குத்தான் பிறந்திருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு.

நடுறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ஒரு சாண் ஆழம் கொத்தி, கல்லு பொறுக்கி, மக்கின தொழுவுரம் கொஞ்சமா. கொஞ்சமான்னா கொஞ்சந்தான். உரத்தை அள்ளிக் கொட்டினா இலை பெருசு பெருசா, தண்டு தளதளன்னு வந்து சாயும், கலரும் வெளுக்கும். ரெண்டு மூணு கணு இருக்கிற துண்டா ஒடிச்சு, கீழ்க்கணு இலையைக் கிள்ளிட்டு, அந்தக் கணு மண்ணுக்குள்ள போற மாதிரி அடிக்கு ஒண்ணு நடணும். ஆடிக்கு மேல நட்டா நல்லது, மழை புடிச்சிக்கும். கத்திரி வெயில்ல நட்டாலும் பிழைக்கும், தண்ணி மட்டும் பார்க்கணும். வேர் பிடிச்ச பிறகு வாரம் ஒருக்கா தண்ணி போதும். உப்புத்தண்ணியை இது ஓரளவு தாங்குது. எங்களுதுல இலை நுனி கொஞ்சம் காயும், அவ்வளவுதான்.

கோரை இருக்கிற இடமா இருந்தா முதல்ல கிழங்கோட தோண்டி எடுங்க. இது படர்ந்து நிழல் போட்டா சின்னச் சின்னக் களை அடங்கும், கோரை அடங்காது. ஊதாவுக்கு நடுவுல பச்சை ஊசியா எட்டிப் பார்க்கும். அப்புறம் பிடுங்கப் போனா இந்தத் தண்டு நாலு ஒடியும்.

முக்கியமான விஷயம், இது மேல நடக்க முடியாது. புல்லுக்குப் பதிலான்னு கேட்டவங்க இதை ரெண்டு தடவை படிங்க. ஒரு தடவை பிள்ளைங்க பந்து பொறுக்கப் போனாலே தடம் விழுந்துரும். நடக்க வேண்டிய இடத்துல கடப்பாக்கல்லுத் துண்டு போட்டுக்கங்க. எங்க வீட்டுல மீட்டர் பெட்டிக்குப் போற வழியில போட்டிருக்கோம், கரண்டு ஆபீஸ்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கல்லை விட்டுட்டு செடி மேலதான் கால் வைப்பார்.

உசிலைக்காரன் | 05.03.2023, இரவு 9.15

எல்லாம் சரி. படர்கொடின்னா பாம்பு அடையும். எங்க அப்பத்தா வீட்டைச் சுத்தி ஒரு புல்லு விட மாட்டாங்க, தினம் பெருக்கி வெச்சிருப்பாங்க. வெறுந்தரைதான் பத்திரம். அழகுக்கு ஆசைப்பட்டு ராத்திரியில மிதிச்சா யாரு பதில் சொல்றது?

திருநகர் தோட்டம் | 06.03.2023, காலை 6.55

அப்பத்தா சொன்னதைத் தள்ள மாட்டேன். பாம்பு செடியைத் தேடி வராது. எலி, தவளைக்கு வரும், ஒளியுறதுக்கு இடம் இருந்தா நிக்கும். இந்தச் செடியை விட்ட மேனிக்கு விட்டா அடித்தண்டு காய்ஞ்சு மெத்தையாகும், மேல ஒரு அடி உசரம் நிக்கும். அதுக்குள்ள பூரான், தேள் சாதாரணமா இருக்கும். பாம்பு இருந்தாலும் நமக்குத் தெரியாது.

அதனால நான் வாசல்படி பக்கம் ஒரு கெஜத்துக்கு விடலை, அங்க வெறும் மணல்தான். கிராமத்துல, வயல் ஓரம், வைக்கப்படப்பு இருக்கிற வீடுன்னா தரையில வேண்டாம், தொட்டியோட நிறுத்திக்கங்கன்னுதான் நானும் சொல்லுவேன். டவுனுக்குள்ள காம்பவுண்டு போட்ட வீடுன்னா வருஷத்துல ரெண்டு தடவை நாலு விரல் உசரத்துக்கு ஒட்ட அறுத்து, அடியில கிடக்கிற சருகை வாரிரணும். அறுத்தா செத்துப் போகுமோன்னு பயப்படவே வேண்டாம். திரும்ப அடர்த்தியா வரும், அந்தத் துளிரோட கலர்தான் இருக்கிறதுலயே அழகு.

உசிலைக்காரன் | 06.03.2023, காலை 8.30

மதினி வீட்டுக் கிணத்து மேட்டுல கெடையாக் கெடக்குதுன்னீங்களே, அங்க பாம்பு இல்லையா?

திருநகர் தோட்டம் | 06.03.2023, காலை 8.42

இருக்கு. மதினியும் இருக்காங்க. ஒருத்தருக்கொருத்தர் ஒதுங்கிப் போறாங்க.

திருநகர் தோட்டம் | 14.05.2023, மாலை 5.30

அழகர் ஆத்துல இறங்கி மலைக்கும் போயாச்சு, கத்திரி பாதி ஓடியிருக்கு. பிப்ரவரியில 'வெயில், வெயில்'னு எழுதினதோட இதையும் சேர்த்துப் படிங்க.

தரையில இருக்கிறது அசையலை. மேல் இலை கொஞ்சம் சுருண்டு மடிஞ்சு நிக்குது, கலர் கருப்புக்குக் கிட்ட போயிருக்கு. அதே செடி மொட்டைமாடியில கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில வெச்சது பாதி பொசுங்கிருச்சு. வெயிலை இலை தாங்குது, வேர் வெந்துருது. மாடித் தரையில கால் வெக்க முடியலைன்னா தொட்டிக்குள்ள மண்ணு எப்படி இருக்கும்னு பாருங்க. தரையில வேர் கீழ போய்க்கிட்டே குளிர்ச்சியைத் தேடிக்கும், தொட்டியில எங்க போகும்?

அதனால மாடிக்காரங்க மட்டும் சித்திரை, வைகாசியில மதிய வெயில் மறையுற இடத்துக்கு மாத்துங்க. தண்ணித் தொட்டியோட கிழக்குப் பக்கம் போதும். கருப்புத் தொட்டியை விட்டு மண்தொட்டிக்கு மாறுங்க. தொட்டிக்கு அடியில ரெண்டு செங்கல் வைங்க, தரைச் சூடு ஏறாது. தண்ணி காலையில ஊத்துங்க. மாடி டேங்குல இருந்து வர்ற மதியத் தண்ணி வெந்நீர், அதை ஊத்துறதுக்கு ஊத்தாமலே இருக்கலாம்.

நத்தம்ரோடு | 02.06.2023, இரவு 7.45

அண்ணே, நீங்க சொன்னபடி அறுத்தேன். முழங்கை வரைக்கும் ஒரே அரிப்பு. எங்க டாமி அதுல படுத்துப் புரண்டுச்சு, அதுக்கும் வயித்துல சிவப்பு சிவப்பா இருக்கு.

திருநகர் தோட்டம் | 02.06.2023, இரவு 8.10

சாறுதான். ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் இருக்கும் இந்தக் குடும்பத்துல, கருணைக்கிழங்கு, சேம்பு கையை அரிக்குதே அந்த வகை. சிலருக்கு ஒண்ணும் செய்யாது, சிலருக்கு பட்டதும் தடிக்கும். எனக்கு அரிக்காது, வீட்டுக்காரம்மாவுக்கு அரிக்கும். அறுக்குற வேலை என் தலையில விழுந்தது அப்படித்தான். சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு தேங்காயெண்ணெய் தடவுங்க. அடுத்த தடவை முழுக்கைச் சட்டை, கையுறை. நாய்க்கு வயித்துத் தோல் மெலிசு, அதனால சீக்கிரம் பிடிச்சுக்கும். குளிப்பாட்டிட்டு ரெண்டு நாள் பாருங்க, குறையலைன்னா மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. டாமி படுக்கிற இடம் அதுதான்னா, செடியைத்தான் எடுக்கணும். நாயை மாத்த முடியாது.

கே.கே.நகர் வாசகி | 09.07.2023, காலை 10.30

பால்கனித் தொட்டி இப்ப பழைய கலருக்கே வந்துருச்சு. இதே மாதிரி ஒரு கீரை எங்க அம்மா வீட்டுப் பக்கம் சமைப்பாங்க, இலை பச்சை, பூ நீலம். இதையும் சமைக்கலாமா?

திருநகர் தோட்டம் | 09.07.2023, மதியம் 12.15

வேண்டாம். போன மாசம் அரிப்புன்னு எழுதினதைப் படிச்சுட்டுமா கேக்குறீங்க?

அம்மா சமைச்சது கானாவாழை. வயல்ல களையா வர்றது. இதுக்குச் சொந்தக்காரச் செடிதான், ஒரே குடும்பம், கொமலினேசி. பருப்புப் போட்டுக் கடையுவாங்க, பஜ்ஜியும் போடுவாங்க. நெல்லுக்கும் கடலைக்கும் களை எடுக்கிற பொம்பளைங்க அதைத் தனியா மடியில கட்டிக்கிட்டு வர்றதைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். எத்தனை தடவை பிடுங்கினாலும் திரும்ப வரும். ஏன்னா மேல நீலப்பூ பூக்குறது போக, மண்ணுக்கு அடியிலயும் அது பூக்கும். விரியாத பூ, தன்னைத்தானே கருத்தரிச்சு விதை வெச்சிரும். வெளிய பாக்குற பூ நமக்கு, விதைக்கு வேற ஏற்பாடு.

ஊதாச்செடிக்கு அந்தத் தந்திரம் தேவையே இல்ல. ஒரு கணு தரையில பட்டா போதும்.

திருநகர் தோட்டம் | 13.08.2023, காலை 7.20

அந்தக் கடைசி வரியைப் பத்தி ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

நேத்து நிலையூர்ப் பக்கம் போனப்ப வாய்க்கால் ஓரத்துல யாரோ தோட்டத்துக் குப்பையைக் கொட்டியிருந்தாங்க. அதுல இந்தச் செடி ஒரு கட்டு. கொட்டின இடத்துலயே வேர்விட்டு தண்ணிப் பக்கமா இறங்கிக்கிட்டு இருக்கு. பிடுங்கி ஒரு சாக்குல அள்ளிட்டு வந்தேன், வீட்டுல என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

மெக்சிகோவுலயும் தென்னமெரிக்காவுலயும் இருந்து வந்த செடிகளால நாம பட்டது போதாதா? சீமைக்கருவேலம் அங்கிருந்து வந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கு, வைகையை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரை, எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்குதான். அதுல ஆகாயத்தாமரையை உலகம் பூரா கொண்டு போனதே பூ அழகா இருக்குன்னுதான். நம்ம ஊதாச்செடி அந்த அளவுக்கு முரடு இல்ல. ஆனா இதோட பங்காளி ஒண்ணு, டிரடஸ்காண்டியா ஃபுளுமினென்சிஸ், வெள்ளைப்பூ வகை, நியூசிலாந்துல காட்டுத் தரையை மூடி மரக்கன்னு மொளைக்க விடாம செஞ்சுக்கிட்டு இருக்கு. அதுவும் வீட்டுத் தோட்டத்துல இருந்து தப்பிச்சுப் போனதுதான்.

அறுத்ததை கண்மாய்க் கரையில, வாய்க்கால்ல, காலி பிளாட்டுல வீசாதீங்க. மொட்டைமாடியில ஒரு தார்ப்பாய் விரிச்சு வெயில்ல முறுகக் காய விடுங்க, சருகானதுக்கு அப்புறம் உரக்குழியில போடுங்க. பச்சையா உரக்குழியில போட்டா அங்கயே தோட்டம் போட்டுரும். யாருக்காவது குடுக்கிறதா இருந்தா தொட்டியோட குடுங்க, இல்ல இந்த விஷயத்தையும் சொல்லிக் குடுங்க.

உசிலைக்காரன் | 13.08.2023, காலை 9.00

அப்பத்தா இருந்திருந்தா 'அப்பவே சொன்னேன்ல'ன்னிருக்கும்.

திருநகர் தோட்டம் | 24.09.2023, இரவு 9.30

செடி வளர்க்கிறதுக்குச் சம்பந்தமில்லாத ஒண்ணு. லேப்காரப் புத்தி, எழுதாம இருக்க முடியலை.

பிரேசில்ல சாவோ பாலோன்னு பெரிய ஊர். அங்க இந்த பர்ப்பிள் ஹார்ட்டை வெச்சுத்தான் காத்து எவ்வளவு கெட்டுப்போயிருக்குன்னு பார்த்திருக்காங்க. தொட்டிகளை வண்டி அதிகமா ஓடுற ரோட்டு ஓரத்துலயும் ஊருக்கு வெளியவும் வெச்சு, இளம் மொட்டைப் பறிச்சு, மகரந்தம் உண்டாகுற செல்லை மைக்ராஸ்கோப்புல பாக்குறது. காத்துல இருக்கிற நச்சு குரோமோசோமை உடைச்சா, உடைஞ்ச துண்டு தனியா சின்னக் கரு மாதிரி நிக்கும். அதை எண்ணுவாங்க. எண்ணிக்கை கூடினா அங்க காத்து மோசம். விலை உயர்ந்த கருவி வேண்டாம், நட்டா எங்கயும் வளருது. இதே பேரினத்துல வேற சில வகையோட பூவுக்குள்ள, மகரந்தத்தைத் தாங்குற கம்பியில இருக்கிற மயிர்ல நீலச் செல் இளஞ்சிவப்பா மாறுறதை வெச்சு கதிரியக்கத்தைக் கூட கண்டுபிடிச்சிருக்காங்க.

நம்ம கோரிப்பாளையம் சிக்னல்ல ஒரு தொட்டி, அழகர்மலை அடிவாரத்துல ஒரு தொட்டி வெச்சு ஏதாவது காலேஜ் பசங்க செஞ்சு பார்த்தா நல்லா இருக்கும். கோரிப்பாளையம் தொட்டியை ராத்திரியோட ராத்திரியா எவனாவது தூக்கிட்டுப் போகாம இருக்கணும்.

கே.கே.நகர் வாசகி | 12.11.2023, மாலை 3.50

அடைமழையில தொட்டிச் செடி அடித்தண்டு குழகுழன்னு ஆகுது. ஒரு மாதிரி நாத்தம். இலை இடுக்குல வெள்ளையா பஞ்சு வேற.

திருநகர் தோட்டம் | 12.11.2023, மாலை 6.05

பஞ்சு மாவுப்பூச்சி. அழுகல் தண்ணி தேங்கினதால. ரெண்டும் தனித்தனி.

வெயில்ல சாகாத செடி ஐப்பசி, கார்த்திகையிலதான் போகும். மதுரைக்கு வருஷத்துல பெய்யுற மழையில பெரும்பங்கு இந்த மாசங்கள்லதான், மண்ணு காயவே காயாது. முதல்ல தொட்டிக்குக் கீழ இருக்கிற தட்டை எடுங்க. ஓட்டை அடைச்சிருக்கான்னு கம்பி விட்டுக் குத்திப் பாருங்க. குழகுழன்னு இருக்கிற தண்டை எல்லாம் உறுதியான கணு வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு, மேல நல்லா இருக்கிற நுனியை ஒடிச்சு வேற தொட்டியில பாதி மணல், பாதி செம்மண் கலந்து நட்டுருங்க. பழசு போனாலும் புதுசு இருக்கும். எங்க காம்பவுண்டுத் துண்டுல மண்ணை நடுவுல கொஞ்சம் மேடாக்கி ரெண்டு பக்கமும் வழிய விட்டிருக்கேன், அதுல அழுகல் வர்றதில்ல.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய், ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி, கூட கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், நல்லா குலுக்கி இலை இடுக்குல படுற மாதிரி அடிங்க. மழை விட்ட சாயங்காலம் அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகும். அதுக்கு முன்னாடி தொட்டியில எறும்பு ஏறுதான்னு பாருங்க. எறும்பை நிறுத்தாம மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. ராத்திரி டார்ச் அடிச்சா நத்தையும் தெரியும், பொறுக்கி உப்புத்தண்ணியில போடுங்க.

நத்தம்ரோடு | 26.11.2023, காலை 8.20

மல்லி பாத்தியில செடிக்கு நடுவுல இதைப் போட்டா களை வராதுல்லண்ணே? அரை ஏக்கர் மல்லி இருக்கு. ஆள் கூலிதான் கட்டுப்படி ஆகலை.

திருநகர் தோட்டம் | 26.11.2023, காலை 9.10

போடாதீங்க. வீட்டு வாசல்ல ஒரு மல்லிச் செடி, அதைச் சுத்தி ரெண்டடி தள்ளி ஊதா ஓரம் கட்டினா பார்க்க நல்லாருக்கும், அதோட நிறுத்திக்கங்க. தோட்டத்துல வேற கணக்கு. இப்ப கவாத்து பண்ற நேரம், அதாவது கிளையை வெட்டி விடுற நேரம். கவாத்து பண்ணி, சுத்திக் கொத்தி, எரு வெச்சு மண் அணைக்கணும். அடியில இது படர்ந்து கிடந்தா கொத்த முடியாது. கொத்தினா ஒவ்வொரு வெட்டுத்துண்டும் ஒரு செடியாகும். மாவுப்பூச்சி இதுல இருந்து மல்லிக்கும் ஏறும். விடியக்காலம் இருட்டுல பூ பறிக்கிறவங்க காலடியில என்ன கிடக்குன்னு தெரியாம நிக்கணும். அதுல உசிலைக்காரர் கட்சிதான் நான்.

களைக்கு கடலைப்பொட்டு இல்ல வைக்கோல் மூடாக்குப் போடுங்க, மக்கினா அதுவே எருவும் ஆச்சு. செவ்வாய்க்கிழமை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வர்றதா இருந்தா சொல்லுங்க, அந்தப் பக்கம் எனக்கும் வேலை இருக்கு. வாசலுக்கு மட்டும் ஒரு தொட்டி தர்றேன்.